சிறு விமானமும் அதன் கதவுத் தாழும்

விழா மலருக்குத் தொழினுட்பத் துறை சார்ந்த கட்டுரையொன்று வேண்டுமென மலர்க்குழுவினர் கேட்டபொழுது, பெரிய பொருள்கள் பல எம் நினைவில் எழுந்தன. அணுவுலையைப் பற்றியும் விண்வெளிக் கலங்களைப் பற்றியும் எழுத வல்லார் எம்மிற் பலர் உளர். நாம் எடுத்துக்கொண்டதோ ஒரு தாழ்ப்பாள். வீட்டுக் கொட்டிலில் ஒருவர் தம் கையாற் கட்டி முடித்த சிறு விமானத்தின் கதவுத் தாழ்ப்பாளே அது. இத்துணைச் சிறு பொருளுக்கு ஒரு கட்டுரை வேண்டுமோ எனின், வேண்டும். எஞ்சின் பழுதில்லாமலும், இறக்கை முறியாமலும், வானிலை கெடாமலும் இருந்த நாட்களில் இத்தாழ்ப்பாள் ஒன்றினால் உயிரிழந்தோர் உளர்.

வீட்டில் விமானங் கட்டுதல் என்பது விளையாட்டுப் பேச்சன்று. அமெரிக்காவில் 1953ஆம் ஆண்டு போல் போபெரெஸ்னி என்பார் இத்துறை ஆர்வலரைத் திரட்டி ஒரு சங்கம் நிறுவினார். அச்சங்கத்தார் 1970 முதல் விஸ்கொன்சின் மாநிலத்து ஒஷ்கொஷ் நகரிற் பெருவிழா நடத்தி வருகின்றனர். விமானத்தின் பெரும் பகுதியைக் கட்டுபவர் தாமே தம் கல்விக்கும் பொழுதுபோக்குக்குமாகச் செய்திருத்தல் வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். இங்கிலாந்திலும் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இக்கலை வேரூன்றியுள்ளது. எம் பழைய மாணவர் பலர் இன்று வாழும் நாடுகள் அவை. அவர்தம் பிள்ளைகளில் ஒருவரேனும் இத்தொழிலிற் கைவைத்திருத்தல் கூடும். வரைபடத்தை விலைகொடுத்து வாங்கலாம், பாகங்களையும் வாங்கலாம். ஆயினும் தாழ்ப்பாளைப் பொருத்துங் கை கட்டுபவருடையது. தொழிற்சாலையில் அப்பாகத்தைத் தேர்ந்து முத்திரையிடும் மேற்பார்வையாளர் அவர் கொட்டிலில் இல்லை.

இவ்வகை விமானங்களிற் பெரும்பாலானவற்றில் நாம் அறிந்த மோட்டார் வண்டிக் கதவு இராது. விமானியின் தலைக்கு மேலே பேர்ஸ்பெக்ஸ் போன்ற ஒளிபுகும் பொருளாற் செய்த கவிகையொன்று குடைபோற் கவிந்திருக்கும். அதைத் தூக்கியோ தள்ளியோ உள்ளே ஏறி, பின்னர் மூடித் தாழிடல் வேண்டும். தாழிட மறந்தால் என்னாகும்? நிலத்தில் ஒன்றும் ஆகாது. கவிகை தன் பாரத்தினாலேயே மூடிக் கிடக்கும். பார்ப்போர்க்குத் தாழிட்டது போலவே தோன்றும். தீமை அத்தோற்றத்திலேயே தொடங்குகிறது.

இங்கே பௌதிகவியல் கற்கும் மாணவர் சற்று நின்று நோக்கல் வேண்டும். வளைந்த மேற்பரப்பைத் தழுவி ஓடுங் காற்றினால் அப்பரப்பின்மேல் அமுக்கங் குறைகிறது. உள்ளே இருக்கும் காற்று அவ்வாறு குறைவதில்லை. காற்று வருவதற்கென வைத்த துளைகள் திறந்திருப்பின் உள்ளமுக்கம் சிறிது கூடுதலும் உண்டு. எனவே கவிகை மேல்நோக்கித் தள்ளப்படுகிறது. 1978ஆம் ஆண்டு நவம்பர் மாதம் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியைக் கண்டோர்க்கு இதனை விளக்கத் தேவையில்லை. வீட்டுக் கூரைத் தகடுகளைக் காற்று கீழே அழுத்தவில்லை. பிடுங்கி மேலே தூக்கிச் சென்றது.

எவ்வளவு விசை என்பதையும் கணித்துப் பார்ப்போம். மணிக்கு 60 மைல் வேகத்தில் வருங் காற்றை ஒரு தட்டு நேரே தடுத்து நிறுத்தின் அதன்மேல் உண்டாகும் அமுக்கம் சதுர அடிக்கு ஏறக்குறைய 9 இறாத்தல். இவ்வமுக்கம் வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப வளரும். ஆதலின் 120 மைல் வேகத்தில் அது இரு மடங்கன்று, நான்கு மடங்காகி 37 இறாத்தலை எட்டும். கவிகையின்மேல் உண்டாகும் இழுப்பு இதிற் பாதியென வைத்துக்கொள்வோம். கவிகையின் பரப்பு 10 சதுர அடி, பாரம் 35 இறாத்தல் என்க. 50 மைல் வேகத்தில் மேலிழுக்கும் விசை 32 இறாத்தல். கவிகை அசையாது கிடக்கும். 60 மைல் வேகத்தில் விசை 46 இறாத்தல், கவிகை எழுந்துவிடும். சிறு விமானம் நிலத்தைவிட்டு எழும் வேகமும் ஏறக்குறைய இதுவே.

எண்களைச் சிறிது மாற்றினும் முடிவு பெரிதும் மாறாது. ஓடுபாதை நெடுகிலும் அமைதியாய்க் கிடந்த கவிகை, சக்கரங்கள் நிலத்தைவிட்டு நீங்கும் கணத்திலோ அதற்குச் சற்றுப் பின்னரோ திறக்கிறது. அப்பொழுது விமானம் தாழ்வாகவும் மெதுவாகவும் பறந்துகொண்டிருக்கும். எதிரே ஓடுபாதை முடிந்துகொண்டிருக்கும். ஒரு விமானியை அச்சுறுத்துவதற்கு இதனிலுங் கொடிய நேரத்தைத் தேர்ந்தெடுத்தல் அரிது.

பிணைச்சல் எங்கே அமைந்துள்ளது என்பதைப் பொறுத்து விளைவு வேறுபடும். பின்னோக்கித் தள்ளித் திறக்குங் கவிகை பெரிய இடர் தருவதில்லை. இரண்டாம் உலகப் போரிற் பறந்த ஸ்பிற்பயர் விமானிகள் தரையிறங்கும்போது கவிகையைத் தாமே பின்னே தள்ளி வைப்பது வழக்கம். முன்பக்கத்திற் பிணைச்சல் உடையதாயின் எதிர்க்காற்று அதனை முழுவதும் திறக்கவொட்டாது. எனினும் பின்விளிம்பு சில அங்குலம் எழுந்து துடிக்கும். அதனைக் கடந்து கலங்கிய காற்று வாலின்மேல் விழுந்து விமானத்தையே குலுக்கும். பக்கத்திற் பிணைச்சல் உடையது ஒரேயடியாக மலர்ந்துவிடும். மேலே பிணைத்து இறகுபோல் விரியுங் கதவாயின், பெயர்ந்து போய் வாலைத் தாக்குதலுங் கூடும். காற்றாடி பின்புறத்தே அமைந்த விமானமாயின் இன்னுமொரு தொல்லை உண்டு. உள்ளிருந்து பறக்கும் தொப்பி, வரைபடம், பென்சில் யாவும் காற்றாடிக்கே இரையாகும்.

இவ்வளவும் கேட்டபின், கதவு திறந்த விமானம் வீழ்ந்தே தீரும் என மாணவர் எண்ணுதல் இயல்பு. அது பிழை. கவிகை திறந்த நிலையிலும், முற்றாகப் பெயர்ந்து போன பின்னருங்கூட, பல விமானங்கள் சுற்றி வந்து இறங்கியுள்ளன. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிருவாகத்தினர் பயிலுநர்க்கு வெளியிட்ட கைந்நூலும் இதனையே வற்புறுத்துகிறது: தற்செயலாய்க் கதவு திறத்தல் பெரும்பாலும் பேரிடர் அன்று, அந்நேரத்தில் விமானி செய்யுஞ் செயலே இடர் விளைப்பது. பேரோசை எழுகிறது, காற்று முகத்தில் அறைகிறது, மூக்குக் கண்ணாடி பறக்கிறது. கை தானாகவே கதவைப் பற்றப் போகிறது. கை போகும்போது தோள் திரும்புகிறது; தோள் திரும்பும்போது காலும் சுக்கான் மிதியை அழுத்துகிறது; கட்டுப்பாட்டுக் கோல் பின்னே இழுபடுகிறது. விமானத்தின் மூக்கு உயர்கிறது, வேகங் குறைகிறது, இறக்கை காற்றுப் பிடிப்பை இழக்கிறது. நூறிருநூறு அடி உயரத்தில் அதனை மீட்க இடமில்லை.

எட்டாத இடத்துக்குக் கை நீட்டுவதனால் வருங் கேட்டிற்குக் கதவல்லாத ஓர் உதாரணமும் உண்டு. ஜோன் டென்வர் என்னும் புகழ்பெற்ற பாடகர் 1997ஆம் ஆண்டு ஒக்ரோபர் 12ஆந் திகதி கலிபோர்னியாவின் மொன்ரெறே விரிகுடாவில் வீழ்ந்து மாண்டார். அவர் ஓட்டியது லோங்-ஈஸீ என்னும் வீட்டிற் கட்டிய விமானம், கட்டியவர் வேறொருவர். எரிபொருட் தாங்கியை மாற்றும் பிடியை வரைபடத்திற் கண்டவாறு விமானியின் கால்களுக்கிடையே வையாது, அவருடைய இடத்தோளின் பின்னே வைத்திருந்தார் கட்டியவர். அதனைத் திருப்ப முயன்று உடலைத் திருப்பியபோது, விமானி தம்மையறியாது வலக்கால் மிதியை அழுத்தியமையாற் கட்டுப்பாடு இழக்கப்பட்டது என விசாரணையாளர் கண்டனர். தம் கொட்டிலில் அமைதியாய் இருந்து ஒரு பிடியின் இடத்தை முடிவு செய்பவர், பிறிதொரு நாளில் பிறிதொருவர் கை எங்கே நீளும் என்பதையும் அங்கேயே முடிவு செய்துவிடுகிறார். கதவுப் பிடிக்கும் இது முற்றும் பொருந்தும்.

இனி, மறதி எவ்வாறு நேர்கிறது? கவனமில்லாதவரே மறப்பர் என்பது மறவாதவராய்த் தம்மை எண்ணிக்கொள்வோர் கூற்று. பேர்ஸ்பெக்ஸ் கவிகையின் கீழ் வெயிலில் இருப்பது அடுப்பங்கரையில் இருப்பதனிலும் கொடிது. ஆகவே ஓடுபாதை நோக்கி விமானத்தை நகர்த்துகையில் கவிகையைச் சிறிது திறந்து வைத்தல் பலர் வழக்கம். இதனால் தாழிடும் வேலை கடைசிக் கணத்திற்குத் தள்ளிப் போகிறது. அக்கணத்திலே வானொலியிற் கட்டளை வருகிறது. பின்னால் இன்னொரு விமானம் காத்து நிற்கிறது. உடன் வந்த நண்பர் ஏதோ கேட்கிறார். செய்ய நினைத்தது செய்ததுபோலவே மனத்திற் பதிந்துவிடுகிறது.

தேர்ந்தவரும் மறப்பர் என்பதற்கு 1935ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆந் திகதி ஒஹையோ மாநிலத்தில் நிகழ்ந்ததே சான்று. போயிங் கம்பனியாரின் 299ஆம் மாதிரியான பெரிய குண்டுவீச்சு விமானத்தை அன்று ஓட்டியவர் மேஜர் ஹில், அமெரிக்கப் படையின் தேர்ந்த சோதனை விமானி. நிலத்தில் நிற்கும்போது காற்றில் அசையாதிருக்க வாற்பகுதிக்கு இட்ட பூட்டை விடுவிக்காமலே விமானம் எழுந்தது, வீழ்ந்து எரிந்தது, ஹில்லும், உடனிருந்த போயிங் கம்பனிச் சோதனை விமானியும் உயிரிழந்தனர். அங்கே இட்ட பூட்டை எடுக்க மறந்தனர். எமது பொருளில் இடவேண்டிய தாழை இட மறக்கின்றனர். அந்நிகழ்ச்சியின் பின்னரே, புறப்படுமுன் ஒவ்வொன்றாய்ப் படித்துச் சரிபார்க்கும் பட்டியல் விமானப் படையில் வழக்கிற்கு வந்தது. பட்டியல் நன்று. எனினும் பட்டியலையும் இடையில் நிறுத்திவிட்டு ஒரு வரி தள்ளித் தொடங்குதல் மனித இயல்பாகும். ஆதலின் கட்டுபவர் பட்டியலுடன் அமையாது, பொறியிலும் பாதுகாப்பு அமைத்தல் வேண்டும் என்பது எம் துணிபு.

இதில் வழிகாட்டியவர் பேர்ட் ருட்டான். அவர் வடிவமைத்த வாரி-ஈஸீ 1975இலும் அதனை அடுத்த லோங்-ஈஸீ 1979இலும் முதன்முதற் பறந்தன. இரண்டிலும் கவிகை வலப்பக்கப் பிணைச்சலில் திறப்பது, காற்றாடி பின்புறத்தது. மேலே சொன்ன இடர்கள் இரண்டும் ஒருங்கே அமைந்தவை. ருட்டான் தம் வரைபடங்களில் இரு காவல்களைச் சேர்த்தார்.

முதலாவது இரண்டாங் கொளுக்கி. தலைமைத் தாழ் இடப்படாவிடினும் கவிகையைச் சிறிதளவே எழவிட்டுப் பற்றிக்கொள்வது அது. இதன் சிறப்பு, கவிகையை இறக்கியவுடன் எவர் கையும் தேவையின்றி வில்லின் விசையாலோ தன் பாரத்தாலோ தானே மாட்டிக்கொள்ளும்படி அமைக்கலாம் என்பதே. தலைமைத் தாழின் பிடியோடு அதனைத் தொடுப்பது பெரும் பிழை. ஒன்றை மறந்தபோது மற்றதும் மறக்கப்படுமாயின் இரண்டு வைத்ததன் பயன் யாது?

இரண்டாவது எச்சரிக்கை ஒலி. கவிகைத் தாழில் ஓர் ஆளியும், எஞ்சினுக்கு வலுவூட்டும் திரொட்டில் பிடியில் ஓர் ஆளியும் வைத்து, தாழ் இடாத நிலையில் திரொட்டிலை முன்னே தள்ளினால் ஊதுகுழல் ஒலிக்கச் செய்தார். இவ்வமைப்பின் நுட்பத்தை மாணவர் கருதிப் பார்த்தல் வேண்டும். தாழ் திறந்திருக்கும் நேரமெல்லாம் எரியும் விளக்காயின், வெயிலில் கவிகையைத் திறந்து வைத்து ஓடும் பத்து நிமிடமும் அது எரிந்துகொண்டேயிருக்கும். கண் அதற்குப் பழகிவிடும். திரொட்டிலோடு தொடுத்த ஒலி அவ்வாறன்று. ஓடுபாதையின் தொடக்கத்தில், முழு வலுவையும் கொடுக்குங் கணத்தில், முதன்முறையாக அது கூவுகிறது. விமானியின் கை அப்பொழுது திரொட்டிலின் மேலேயே இருக்கிறது. அதைப் பின்னிழுத்தால் போதும். முன்னே ஓடுபாதை முழுவதும் மிஞ்சியிருக்கிறது.

ஆளியை எங்கே வைப்பது என்பதிற் பலர் தவறுகின்றனர். இதற்கு றிச்சட் வான்குறன்சவன் நிறுவிய வான்ஸ் கம்பனியாரின் ஆர்.வி.-10 விமானம் நல்ல பாடம். 2003இல் முதன்முதற் பறந்த இந்த நாலிருக்கை விமானத்தில் இறகுபோல் மேலே விரியும் கதவுகள் இருமருங்கும் உள. பிடியைத் திருப்பினால் கதவிலிருந்து முன்னும் பின்னும் இரு முளைகள் நீண்டு சட்டத்தின் துளைகளிற் புகும். கதவு கண்ணாடி நாரினாற் செய்தது. வளைந்து கொடுக்கும் இயல்பினது. பின்மூலை சிறிது வெளியே தள்ளி நிற்குமாயின் பின்முளை துளையிற் புகாது சட்டத்தின் புறத்தே நீண்டுவிடும். பிடி முற்றாகத் திரும்பியிருக்கும். விமானி தாழிட்டேன் என்றே நம்புவார். இவ்வாறு பறக்கும்போது கதவை இழந்தோர் உளர். பின்னர் கம்பனியாரே கதவின் நடுவில் மேலதிகக் கொளுக்கி ஒன்றைப் பொருத்துமாறு அறிவித்தனர்.

ஆகவே ஆளி அறியவேண்டியது பிடி திரும்பிற்றா என்பதன்று. முளை துளையின் அடியை எட்டிற்றா என்பது. ஒவ்வொரு முளைக்குந் தனி ஆளி வேண்டும். அவை யாவும் தொடராக இணைக்கப்படல் வேண்டும். ஒன்று குறைந்தாலும் எச்சரிக்கை எழும். முளையின் நுனியிற் சிறு காந்தமும் துளையின் அடியிற் காந்த ஆளியும் வைத்து இதனை எளிதிற் செய்யலாம். கம்பி அறுந்தால் எச்சரிக்கை அற்றுப்போகாது, எச்சரிக்கை எழும்படியாகவே சுற்று அமைதல் வேண்டும். விளக்கும் உடன் வைத்திருப்பின், கதவு திறந்துள்ளபோது அது எரிகிறதா என்று ஒவ்வொரு முறையும் நோக்குக. எரியாத விளக்கு கதவு மூடியிருப்பதையுங் குறிக்கலாம். குமிழ் பழுதென்பதையுங் குறிக்கலாம்.

மின்சாரத்தை நம்பாதவரும் உளர், அவர்க்கும் வழியுண்டு. தாழ் முற்றாக விழுந்தாலன்றி மறையாத சிவப்புப் பட்டையொன்றைத் தீட்டலாம். திறந்த நிலையில் தாழின் பிடி திரொட்டிலின் பாதையைக் குறுக்கே மறித்து நிற்கும்படியும் அமைக்கலாம். கதவைத் தாழிட்டாலன்றி முழு வலுவும் கொடுக்க இயலாது. இவ்விறுதி வழியே எமக்கு மிக உவப்பானது. அதற்கு நினைவாற்றலும் வேண்டாம், கண்பார்வையும் வேண்டாம். ஆயினும் பறக்கும்போது அப்பிடி தானே நழுவித் திரொட்டிலைத் தடுக்காதவாறு உறுதியாக நிற்றல் வேண்டும். இல்லையேல் ஓர் இடரை நீக்கி வேறோர் இடரை நாமே படைத்தவராவோம்.

இத்துணைப் பொறிகளும் அமைத்த பின்னரும் கையாற் சோதிப்பதை விடலாகாது. எம் ஊர்ப் பழைய வீடுகளில் இரவிற் கதவடைக்கும் பாட்டிமாரை நாம் கண்டிருக்கிறோம். திறாங்கைப் போட்டுவிட்டு அவர்கள் அதனைப் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. கதவை ஒருமுறை இழுத்துப் பார்ப்பார்கள். பின்னரே விளக்கைத் தணிப்பார்கள். விமானியும் அவ்வாறே திரொட்டிலைத் தொடுமுன் உள்ளங்கையாற் கவிகையை மேல்நோக்கித் தள்ளிப் பார்த்தல் வேண்டும். ஒரு மூலையை மட்டுமன்று. தாழ் உள்ள ஒவ்வோர் இடத்தையும். ஆர்.வி.-10 போன்றவற்றிற் பின்மூலையை முக்கியமாகத் தள்ளிப் பார்க்க. உடன் வருபவர் கதவைத் தாழிட்டேன் என்று சொன்னால் அவரை நம்பலாம். அவர் கதவை நம்பலாகாது.

அப்படியும் திறந்துவிட்டால்? ஓடுபாதை மிஞ்சியிருப்பின் வலுவைக் குறைத்து நிற்க. எழுந்துவிட்டாற் கதவை மறக்க. மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் காத்து, வழக்கமான சுற்றைச் சுற்றி, இறங்குமுன் சரிபார்க்க வேண்டியவற்றை எல்லாம் சரிபார்த்து இறங்குக. இருக்கைப் பட்டியைக் கழற்றுதல் கூடவே கூடாது. திறந்த கவிகை காற்றைத் தடுக்குமாதலின் வழக்கத்திலும் சிறிது கூடிய வலு வேண்டியிருக்கும். சக்கரம் நிலத்தைத் தொடும்வரை வலுவை முற்றாக எடாதிருத்தல் நன்று. இவற்றைத் திறந்த பின்னர் எண்ணிப் பயனில்லை. கொட்டிலில் நிற்கும் விமானத்தில் ஏறி அமர்ந்து, நண்பர் ஒருவர் திடீரெனக் கவிகையைத் தூக்க, இரு கைகளையும் இருந்த இடத்திலேயே வைத்திருக்கப் பழகுக. நகைப்பிற்கிடமாகத் தோன்றலாம். முதன்முறை எவர் கையும் நில்லாது.

உடன் பறப்பவர்க்கும் முன்னரே சொல்லி வைத்தல் வேண்டும். திறந்த கவிகையை அவர் பற்றிப் பிடித்தல் உதவியாகலாம் என்பாரும் உளர். விமானி கேட்டாலன்றிக் கதவைத் தொடாதிருத்தலே நன்றென்பது எம் கருத்து. இருவர் உடலும் ஒரு பக்கம் திரும்புவதினும் ஒருவராவது நேரே இருப்பது மேல்.

இறுதியாக, தாழை எவ்வளவு உறுதியாக்கினாலும் அது திறக்க வேண்டிய நேரமும் உண்டு என்பதைக் கட்டுபவர் மறத்தலாகாது. விமானம் கவிழ்ந்து கிடக்கையில் உள்ளிருப்பவர்க்குக் கையசைக்கவும் இயலாதிருக்கலாம். கவிகையை உடைத்து வெளியேற ஒரு கருவியை எட்டும் இடத்திற் கட்டி வைப்போர் பலர். நாமும் அதனை ஏற்கிறோம். வெளியிலிருந்து உதவிக்கு ஓடி வருபவர் பெரும்பாலும் விமானம் அறியாதவராயிருப்பார். தலைமைத் தாழைத் திறந்தபின்னும் இரண்டாங் கொளுக்கி பற்றிக்கொண்டு நிற்குமாயின் அவர் திகைத்து நிற்பார். ஆதலின் அக்கொளுக்கியையும் வெளியிலிருந்து விடுவிக்க வழி வைத்து, அவ்விடத்தில் அம்புக்குறியும் தெளிவான சொல்லும் தீட்டுதல் வேண்டும். வேலை முடிந்தபின், அயல்வீட்டுப் பிள்ளை ஒன்றை அழைத்து, விளக்கம் எதுவுங் கூறாது, வெளியே நின்று கவிகையைத் திறக்கச் சொல்லிப் பார்க்க. அப்பிள்ளை தடுமாறும் இடத்திற் குறியை மாற்றுக.